மரம் தழைத்தால் மட்டும் போதுமா?
டிரஃபிள் தோட்டத்தில் மண்ணும் நீரும்

தோட்டத்தில் இளமரங்கள் செழித்து நிற்கின்றன. இலைகளில் வாட்டம் இல்லை. ஆனாலும் அவற்றை நட்ட விவசாயிக்குக் கவலை தீரவில்லை. காரணம் என்ன? அவர் எதிர்பார்ப்பது அந்த மரத்தின் காயையோ கட்டையையோ அன்று. அதன் வேரை ஒட்டி வாழும் ஒரு பூசணம் மண்ணுக்குள் தரும் விளைச்சலை! அதுதான் டிரஃபிள்.

டிரஃபிள் தரைக்கு அடியிலேயே உருவாகும் ஒருவகைக் காளான். பார்வைக்குச் சிறு உருளைக்கிழங்கு போல் இருக்கும். பிரான்சு, ஸ்பெயின், இத்தாலி நாடுகளில் கறுப்பு டிரஃபிளுக்கு மிகுந்த விலை உண்டு. குளிர்காலத்தில் அது முதிர்ந்து மணம் வீசும்போது, பழக்கிய நாய்களைக் கொண்டு இடம் கண்டு தோண்டி எடுக்கிறார்கள்.

இந்தப் பூசணம் தனியே வாழாது. ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேர் நுனிகளை உறை போல் மூடிக்கொள்கிறது. மண்ணிலிருந்து நீரையும் உப்புகளையும் மரத்துக்குத் தருகிறது. மரம் அதற்குச் சர்க்கரை தருகிறது. டிரஃபிளை வளர்க்கும் வழியை ஆராயுமாறு பிரஷ்ய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் இதை ஆராய்ந்த ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மன் அறிஞர், 1885-இல் இக்கூட்டுறவுக்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். 'பூசணவேர்' என்பது அதன் பொருள்.

இன்று நாற்றுப் பண்ணையிலேயே கன்றின் வேரில் பூசணத்தை ஏற்றித் தருகிறார்கள். ஆனால் நட்ட பிறகு முதல் டிரஃபிளைக் காணப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை எல்லாம் மண்ணுக்குள் மறைவாகவே நடக்கிறது. இளமையில் மண்ணிலும் நீரிலும் நேரும் பிழை, காலம் கடந்த பிறகே தெரியவரும்!

சுண்ணாம்பு மண்

கறுப்பு டிரஃபிளுக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த, சற்றே காரத்தன்மை உள்ள மண் வேண்டும். அதன் பி.எச். எண் 8-ஐ ஒட்டி இருப்பது நல்லது. ஸ்பெயினின் டெருவேல் பகுதியில் இயற்கையே அத்தகைய மண்ணைக் கொடுத்திருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மஞ்சிமப் பகுதியிலோ மண் அமிலத்தன்மை உடையது. அங்கே ஏராளமான சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்தே தோட்டம் அமைத்தார்கள்.

பி.எச். எண் ஒன்று கூடினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்தில் ஒன்றாகக் குறையும். 5.5-இலிருந்து 8-க்கு உயர்த்துவது என்றால் செறிவு சுமார் 300 மடங்கு குறைய வேண்டும்! எனவே தூள் நயமாக இருப்பது அவசியம். 1 செ.மீ. கனசதுரத்தை 1 மி.மீ. கனசதுரங்களாக உடைத்தால் மொத்தப் பரப்பு பத்து மடங்காகிறது. வினையும் விரைவாக நிகழ்கிறது. இந்த வேலையை நடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பின்னர் ஆழமாக உழுதால் பூசணம் ஏறிய வேர்கள் அறுபடும்.

நீர் எங்கே தங்குகிறது?

மண் துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளை நுண்புழைகள் என்று கருதலாம். புழை குறுகக் குறுக, பரப்பு இழுவிசையால் நீர் அதில் உயரமாக ஏறும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 0.03 மி.மீ. விட்டமுள்ள புழையில் நீர் சுமார் 1 மீட்டர் ஏறும். அதாவது அந்த நீரை வெளியே இழுக்க ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் இழுப்பு வேண்டும். பெரிய இடைவெளிகளில் உள்ள நீர் புவியீர்ப்பால் வடிந்துவிடும். அங்கே காற்று புகும். சிறிய இடைவெளிகளில் நீர் தங்கும். வேர்த்தூவியின் தடிமன் சுமார் 0.01 மி.மீ.; பூசண இழை அதைவிடவும் மெல்லியது. வேர் நுழைய முடியாத இடுக்குகளிலும் அது நுழைந்து நீரைத் தேடுகிறது.

அப்படியானால் நீரை நிறையப் பாய்ச்சினால் என்ன? இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பிவிடும். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போல் சுமார் பதினாயிரத்தில் ஒரு பங்குதான்! வேரும் பூசணமும் மூச்சுத் திணறும். மண் நீர் தேங்காமல் ஈரமாகவே இருந்தால் இன்னொரு சிக்கல். எளிதில் நீர் பெறும் மரத்துக்குப் பூசணத்தின் துணை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஈரத்தை விரும்பும் வேறு காளான்கள் அந்த வேர்களைப் பிடித்துக்கொள்ளவும் கூடும். மரம் தழைக்கும், டிரஃபிள் இராது! உரத்தை அள்ளிப் போட்டாலும் விளைவு இதுவே.

நீரே இல்லாவிட்டாலோ, கோடையில் இளங்கன்று காய்ந்துபோகும். ஸ்பெயினில் இளந்தோட்டங்களில் சோதனை செய்தவர்கள், மண் இழந்த நீர் முழுவதையும் ஈடு செய்வதைவிட, ஏறத்தாழப் பாதியை ஈடு செய்தபோது பூசணம் நன்கு பரவுவதைக் கண்டார்கள். அளவுதான் இங்கே மருந்து.

அளப்பது எப்படி?

இதற்கு டென்சியோமீட்டர் என்னும் எளிய கருவி உண்டு. நீர் நிரப்பிய குழாய் ஒன்றின் அடியில் நுண்துளைகள் உள்ள பீங்கான் கிண்ணம், மேலே அழுத்தமானி. மண் காயும்போது கிண்ணத்தின் வழியே நீரை இழுக்கும். மானி அந்த இழுப்பைக் கிலோபாஸ்கலில் காட்டும். வேர் நீருக்காக எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அதைப் பார்த்துச் சொட்டு நீராகவோ சிறு தெளிப்பாகவோ பாய்ச்சுகிறார்கள். கன்றைச் சுற்றிக் களை எடுப்பதும், மூடாக்குப் போடுவதும் இருக்கும் ஈரத்தைக் காக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களின் அடியில் சில துளைகள் இடுங்கள். ஒன்றில் உலர்ந்த மணலையும் மற்றொன்றில் உலர்ந்த தோட்ட மண்ணையும் சம அளவு நிரப்புங்கள். இரண்டிலும் ஒரே அளவு நீரை ஊற்றி, கீழே வடிவதைப் பிடித்து அளவுசாடியால் அளந்து பாருங்கள். ஊற்றியதிலிருந்து வடிந்ததைக் கழித்தால், மண் பிடித்துக்கொண்ட நீர் எவ்வளவு என்பது தெரியும். எது அதிகம் பிடித்துக்கொண்டது? ஏன்? விடையை நுண்புழையில் தேடுங்கள்.