பால் தீய்ந்தும் தெரியவில்லை!

“ஏம்மிணி, பால் தீயற வாசம் தெருமுனை வரைக்கும் வருது. அடுப்பு முன்னாலயே நின்னுக்கிட்டு என்ன பண்றே?”

மாமியார் போட்ட சத்தத்தில்தான் எனக்கே தெரிந்தது. 2021 மே மாதம், மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கொரோனா வந்து போயிருந்தது. எனக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாள். மூக்கடைப்பு இல்லை. ஆனால் பெருங்காய டப்பாவை மூக்கில் வைத்தாலும் ஒன்றும் எட்டவில்லை.

மூக்கின் உச்சியில், வாசத்தை மூளைக்குச் சொல்லும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. இந்தக் கிருமி பெரும்பாலும் அவற்றை நேரே தாக்குவதில்லை. அவற்றைத் தாங்கிப் பராமரிக்கும் பக்கத்துச் செல்களைத்தான் பிடிக்கிறது என்று 2020-லேயே ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: தார் சுற்றுகிறவர் படுத்துவிட்டால், நல்ல தறியும் நின்றுபோகும் அல்லவா? அந்தச் செல்கள் மறுபடி வளர்ந்ததும், பலருக்குச் சில வாரங்களில் வாசம் திரும்பிவிடுகிறது. மத்திய சுகாதார அமைச்சகமும் 2020 ஜூனில் இதை நோய்க்குறிகளில் சேர்த்தது.

பால் போனால் போகட்டும். சிலிண்டர் கசிந்தால்? சமையல் வாயுவுக்குச் சொந்த வாசம் கிடையாது. நாம் உஷாராவதற்காகவே நாற்றத்தைக் கலக்கிறார்கள். அதுவும் எனக்கு எட்டாதே! அன்று முதல் அடுப்பு வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுவேன். குழந்தையின் பாலை மாமியார் மோந்து பார்த்த பிறகுதான் கொடுப்பேன்.

டாக்டர் மருந்தைவிடப் பயிற்சியைத்தான் வலியுறுத்தினார். ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ்: இந்த 4 வாசங்களையும் தினம் 2 வேளை, 12 வாரம் முகர வேண்டும். தைலத்தை மூக்குக்குள் விட்டுவிடாதீர்கள், முகர்ந்தால் போதும்.

சிலருக்கு விஷயம் மூக்கோடு நிற்பதில்லை. மறதியும் மந்தமும் மாதக்கணக்கில் இழுக்கும். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கால் பலவீனம் மேலே ஏறினாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எனக்கு ஏழாவது வாரம் கிராம்பு லேசாக எட்டியது. ஆனால் வெங்காயம் வதக்கினால் ரப்பர் எரிகிற நாற்றம்! வாடிய நரம்பு மறுபடி துளிர்க்கும்போது வாசம் இப்படி மாறித் தெரிவதுண்டாம். ஆறு மாசம் எங்கள் வீட்டில் வெங்காயமில்லாத குழம்புதான். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்.