எந்த ஸ்விச்சு எந்தப் பிளக்கை ஆள்கிறது?

சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் முதன்முதலாகச் சென்றது கோலார் தங்க வயலுக்கு. அங்கே சுரங்கத்தில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மைசூர் நகரம் 1908-ஆம் ஆண்டில் மின்னொளி பெற்றது. ஆயினும், நாம் குடியிருக்கும் வீட்டின் சுவரில் எந்த ஸ்விச்சு எதனை இயக்குகிறது என்பதை நம்மில் பலர் அறியோம்.

அறியாமையின் விலையை நாமே கொடுத்தோம். மைசூரில் நாம் வாடகைக்கு இருந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு பிளக் பாயிண்டுகள் இருந்தன. ஒன்றில் குளிர்ப்பெட்டி, மற்றொன்றில் மேஜை விளக்கு. வாயிலருகே இருந்த ஸ்விச்சு குளிர்ப்பெட்டியை ஆண்டது. விளக்கின் பாயிண்டிலோ எந்நேரமும் மின்சாரம் இருந்தது. சித்திரையில் ஊருக்குப் புறப்பட்டபோது, விளக்கை அணைப்பதாக எண்ணி அந்த ஸ்விச்சை அணைத்துவிட்டோம். நான்கு நாள் கழித்துத் திரும்பினோம். அன்னையாருக்காக வாங்கி வைத்திருந்த இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிர்ச்சியில் இருக்க வேண்டியது. கோடை வெப்பத்தில் கிடந்தது. அதனைப் பயன்படுத்த வேண்டா என்றார் மருத்துவர்.

குளிர்ப்பெட்டியை மறு மூலைக்கு நகர்த்த இடமில்லை. ஆகவே வீட்டுக்காரரின் இசைவு பெற்று, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்தோம். விளக்கு, ஸ்விச்சு போன்றவற்றை உள்ளபடியே மாற்றுவதற்கு மேற்பட்ட மாறுதல்களை உரிமம் பெற்றவரே செய்யவேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் கூறின. பிறர் உயிரைக் காக்கும் அந்த நியதியை இன்றும் நாம் மதிப்பதே முறை.

அவர் செய்த வேலை எளியது. பிளக் பாயிண்டுக்கு வருவன மூன்று கம்பிகள்: பேஸ், நியூட்ரல், எர்த். ஸ்விச்சு துண்டிக்க வேண்டியது பேஸ் ஒன்றையே. இரு பாயிண்டுகளின் பேஸ் கம்பிகளும் வாயிலருகே உள்ள பலகைக்கே வந்திருந்தன. குளிர்ப்பெட்டியின் கம்பியை ஸ்விச்சின் வெளிமுனையிலிருந்து கழற்றி, எப்போதும் மின்சாரம் உள்ள கம்பியுடன் இணைத்தார். அங்கிருந்த விளக்கின் கம்பியைப் பிரித்து, ஸ்விச்சின் வெளிமுனையில் பொருத்தினார். மற்ற இரு கம்பிகளையும் தொடவில்லை. துடைக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் அணைப்பதற்காகக் குளிர்ப்பெட்டியின் அருகிலேயே தனி ஸ்விச்சு ஒன்றும் அமைத்தார்.

இரு பிழைகள் ஆபத்தானவை. ஸ்விச்சை நியூட்ரலில் இணைத்தால் கருவி நிற்கும். ஆனால் பாயிண்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மெல்லிய கம்பி செல்லும் 6 ஆம்பியர் வழியில் வெந்நீர்க் கருவி போன்ற 16 ஆம்பியர் சுமையை ஏற்றினால் கம்பி சூடேறித் தீப்பற்றக் கூடும். ஒரு பாயிண்டிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி தொடர்ந்திருந்தால் புதுக் கம்பியே இழுக்க நேரும்.

மெயினை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதன் வழியும் மின்சாரம் பாயும். அதனையும் துண்டிக்க வேண்டும். மின்சாரம் உள்ள இடத்தில் டெஸ்டர் ஒளிர்வதைப் பார்த்த பின்னரே, வேலை செய்யும் இடத்தை அதனால் சோதிக்க வேண்டும்.

மொழி தெரியாதே என அஞ்ச வேண்டா. மெயின், பேஸ், நியூட்ரல், எர்த் என்னும் சொற்களைக் கன்னட மின்பணியாளரும் அவ்வாறே வழங்குவர். புதுவீடு புகுந்த அன்றே ஒவ்வொரு ஸ்விச்சையும் போட்டுப் பார்த்து, அதன் பெயரை எழுதி ஒட்டுங்கள். அந்தச் சிறு சீட்டு நம் இல்லத்தில் இருந்திருந்தால், அன்னையாரின் மருந்து வீணாகியிராது.