அவள் சொன்னது என்ன? – ஆங்கிலப் புனைவியல் கவிதைகளில் ஆணும் பெண்ணும்

அகப்பாடல் ஒன்றைப் பயிலும் மாணவர் முதலில் கேட்பது, 'இது யார் கூற்று?' என்பதாகும். தலைவி கூற்றா, தோழி கூற்றா, தலைவன் கூற்றா என்பது தெளிந்த பின்னரே பொருள் கொள்ளத் தொடங்குகிறோம். ஆங்கிலப் புனைவியல் கவிஞர்களைக் கற்கும்போது இவ்வினாவைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அக்கவிதைகளில் காதலும் ஏக்கமும் பிரிவும் நிறைந்துள்ளன. ஆயினும் பெண்ணைப் பற்றி நாம் அறிவன பலவும் ஆணின் வாய்மொழியாகவே வருகின்றன. அவ்வாய்மொழியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இங்கு ஆராயப்படுவது.

ஜான் கீட்ஸ் 1819ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவில் குடியேறியிருந்த தம்பி ஜார்ஜுக்கும் அவர் மனைவிக்கும் வரைந்த நெடுங்கடிதத்தில் ஒரு கதைப்பாடலை எழுதினார். 'லா பெல் டாம் சான் மெர்சி' என்பது அதன் பெயர். 'இரக்கமற்ற அழகி' என்று பொருள்படும். நான்கடிச் செய்யுள்கள் பன்னிரண்டு கொண்டது. முதல் மூன்றில் ஒருவர், ஏரிக்கரையில் வெளிறிய முகத்துடன் தனித்துத் திரியும் வீரனைக் கண்டு, நேர்ந்தது என்னவென்று வினவுகிறார். எஞ்சிய ஒன்பதும் வீரனின் விடை.

அவ்விடையில் அழகி பேசும் இடம் ஒன்றே ஒன்றுதான். அவள் பேசுவதும் அவனுக்குப் பழக்கமில்லாத விந்தை மொழி. எனினும், அவள் தன்னை உண்மையாகக் காதலிப்பதாகச் சொன்னாள் என்று அவன் ஐயமின்றிக் கூறுகிறான். அறியாத மொழிக்கு இத்துணை உறுதியான பொருள் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது? அவளுக்கு மாலை தொடுத்தவன் அவன். குதிரைமேல் ஏற்றியவனும் அவனே. தன் குகைக்கு அவனை அழைத்துச் சென்றவள் அங்கே அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்று அவன் கேட்கவில்லை. நான்கு முத்தங்களால் அவள் கண்களை மூடுகிறான். (நான்கு ஏன் என்று கடிதத்தில் தாமே வினவிக்கொள்ளும் கீட்ஸ், இரு கண்களுக்கும் சமநீதி வேண்டுமே என்று வேடிக்கையாக விடையளிக்கிறார்.) அவள் இரக்கமற்றவள் என்னும் தீர்ப்போ, வீரனின் கனவில் தோன்றிய வெளிறிய அரசர்களும் இளவரசர்களும் உரைத்தது. ஆக, வழக்கில் சாட்சி ஒருவனே. அவனும் உறக்கத்தில் கேட்டதைச் சொல்கிறான்.

இப்பாடல் 1820ஆம் ஆண்டு மே மாதம் 'இண்டிகேட்டர்' இதழில் வெளிவந்தபோது அந்த அழுகை மறைந்தது; அவள் நோக்கிப் பெருமூச்செறிவதாக மட்டும் அடி மாறியது. கடித வடிவமே சிறந்தது என்பது என் கருத்து. வீரன் சொல்லும் கதைக்குள் அடங்காமல் நிற்பது அந்த அழுகைதான். வகுப்பில் இதை நடத்தும் ஆசிரியர், வீரன் கண்டவை எவை, ஊகித்தவை எவை என மாணவர்களைப் பிரித்தெழுதச் செய்யலாம். இப்பாடலைக் கீட்ஸின் காதலி ஃபேனி பிரானோடு பொருத்திப் படிப்போரும் உளர். அது அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கு உதவலாம். பாடலுக்குப் பெரிதும் உதவுவதாகத் தோன்றவில்லை.

தலைப்பின் வரலாறு இன்னும் சுவையானது. அது பிரெஞ்சுக் கவிஞர் அலேன் ஷார்த்தியே 1424இல் இயற்றிய நெடும்பாடலின் தலைப்பு. அங்கே காதலன் மன்றாடுகிறான். அப்பெண் அவனுக்கு ஈடுகொடுத்து வாதிடுகிறாள். தான் கட்டற்றவள் என்றும், அவ்வாறே இருக்க விரும்புவதாகவும் தெளிவாகச் சொல்கிறாள். அவளை 'இரக்கமற்றவள்' என்போர் அவள் தரப்பையும் கேட்ட பின்னரே அவ்வாறு சொல்ல முடியும். கீட்ஸ் தலைப்பை எடுத்துக்கொண்டார். அவளுடைய வாதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'புனித ஆக்னஸின் முன்னிரவு' என்னும் கவிதையில், நாயகியின் அறையில் மறைந்திருந்த காதலன், உறங்கும் அவள் செவியருகே யாழ் மீட்டிப் பாடுவதும் இப்பெயர் கொண்ட பழம்பாட்டையே. அங்கும் பெண் மறுமொழி கூறும் நிலையில் இல்லை.

ஆணுக்குப் புரியாத மொழி வேறொரு புகழ்பெற்ற கவிதையிலும் வருகிறது. வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் 1805இல் எழுதி 1807இல் வெளியிட்ட, தனியே கதிர் அறுக்கும் பெண்ணைப் பற்றிய கவிதை அது. அவருடைய நண்பர் தாமஸ் வில்கின்சனின் பயணக் குறிப்புக் கையெழுத்துப் படியில் இருந்த ஒரு வாக்கியமே அதற்கு வித்து. ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பெண் தன் கேலிக் மொழியில் பாடுகிறாள். கேட்பவர், அப்பாட்டின் பொருளை உரைப்பார் இல்லையா என்று ஏங்குகிறார். பழம்போரோ, அன்றாடத் துயரோ என ஊகிக்கிறார். ஊகத்தை ஊகமாகவே விட்டு, இசையை மட்டும் நெஞ்சில் சுமந்து மலையேறுகிறார். கீட்ஸின் வீரனிடம் இல்லாத நேர்மை இது. ஆயினும் வேலை செய்துகொண்டிருக்கும் அவளை நெருங்கிக் கேட்க அவரும் முனையவில்லை.

பைரன் பிரபு பெண்ணின் கையிலேயே எழுதுகோலைக் கொடுக்கிறார். 1819இல் வெளிவந்த 'டான் ஜுவான்' முதற்காண்டத்தின் இறுதியில், கன்னிமாடத்துக்கு அனுப்பப்படும் ஜூலியா, பதினாறு வயதுக் காதலன் ஜுவானுக்குக் கடிதம் எழுதுகிறாள். ஆணுக்கு அரசவை, போர்க்களம், வாணிகம் எனப் போக்கிடங்கள் பல. பெண்ணுக்குக் காதலை விட்டால் வேறு வழியில்லை என்பது அவள் முறையீடு. இதனைப் பெண்ணின் இயல்பு பற்றிய பைரனின் முடிவாகப் பலர் மேற்கோள் காட்டுகின்றனர். கூற்று யாருடையது என்று பார்த்தால், அது எல்லா வழியும் அடைக்கப்பட்ட ஒருத்தியின் குமுறல். பொன்விளிம்புத் தாளில் எழுதி, சூரியகாந்தி முத்திரையிட்டு அவள் அனுப்பிய அக்கடிதத்தை அடுத்த காண்டத்தில் மீண்டும் காண்கிறோம். கப்பல் மூழ்கியபின் படகில் பசியால் வாடுவோர், தம்முள் யாரைத் தின்பது எனச் சீட்டுக் குலுக்க முற்படுகின்றனர். சீட்டுக்கு வேறு தாள் இல்லை. ஜுவானிடமிருந்து ஜூலியாவின் கடிதத்தைப் பறித்துக் கிழிக்கின்றனர். சீட்டு அவனுடைய ஆசிரியர் பெட்ரில்லோவின் பெயருக்கு விழுகிறது.