புது டிஸ்க் போட்டதும் திரை இருண்டுவிட்டதா?

பெரம்பலூரில் வெங்காய வியாபாரம். அரியலூரில் சிமெண்டு வியாபாரம். இரண்டு ஊர்க் கடைகளிலும் இன்று கணக்கு வைக்கக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் பழசாகி, மெதுவாக ஓடினால் என்ன செய்வது? பலர் புதிது வாங்குவதில்லை. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, "எஸ்.எஸ்.டி." என்ற புது வகை டிஸ்கைப் போடுகிறார்கள். ஹார்டு டிஸ்கில் தட்டு சுழலும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. அதனால் வேகம் அதிகம்.

சில சமயம் வேலை முடிந்ததும் ஒரு வேதனை வரும். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். விசிறி சுற்றும். ஆனால் திரையில் ஒன்றும் தெரியாது!

"மானிட்டர் போய்விட்டது" என்று புதிது வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. "கணக்கெல்லாம் போச்சே" என்று கலங்குகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம்.

பட்டறையும் பலகையும்

சின்ன வெங்காயத்தைப் பெரம்பலூர் விவசாயிகள் பட்டறை போட்டுச் சேமிப்பார்கள். டிஸ்க் அந்தப் பட்டறை மாதிரி. திரை, கடை வாசலில் தொங்கும் பலகை மாதிரி. பட்டறை காலியானாலும் பலகை தெரியும் அல்லவா? டிஸ்கே இல்லாத கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். "டிஸ்க் இல்லை" என்ற செய்தியாவது திரையில் வர வேண்டும்.

அதுவும் வரவில்லை என்றால்? பெட்டியைத் திறந்தபோது கை பட்டு வேறு ஏதாவது நகர்ந்திருக்கலாம். வயர் இடம் மாறியிருக்கலாம்.

முதல் சோதனை

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் திரையைக் கவனிக்க வேண்டும். கம்பெனியின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் மானிட்டரும் வயரும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன.

ஒன்றுமே தெரியாவிட்டால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. மானிட்டருக்கு மின்சாரம் வருகிறதா? வி.ஜி.ஏ., எச்.டி.எம்.ஐ. என்று இரண்டு வழி இருந்தால், வயர் செருகிய வழியையே மானிட்டரில் தேர்ந்தெடுத்திருக்கிறதா?

2. படம் காட்டத் தனிக் கார்டு இருந்தால், வயரை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். பின்பக்கம் மேலே உள்ள வேறு துளையில் செருகினால் படம் வராமல் போகலாம்.

3. "ராம்" என்ற நினைவுப் பட்டை தளர்ந்திருக்கிறதா? அதை எடுத்து, "கிளிக்" என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போட வேண்டும்.

ஜாக்கிரதை! பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மின்சாரம் உள்ள சிறு பெட்டியை (பவர் சப்ளை) மட்டும் பிரிக்கவே கூடாது.

பெயர் வந்து, பிறகு இருண்டால்?

விண்டோசைப் புதிதாகப் போட்டிருந்தால், படம் காட்டும் "டிரைவர்" என்ற புரோகிராம் இல்லாமல் இருக்கலாம். அப்போது எழுத்து பெரிதாகத் தெரியும். இரண்டாவது மானிட்டர் வேலை செய்யாது. விண்டோஸ் அப்டேட் மூலமோ, கம்பெனியின் இணையதளத்திலிருந்தோ டிரைவரைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸ் பொத்தானையும் "பி" எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எந்தத் திரை என்றும் தேர்ந்தெடுக்கலாம்.

பழைய டிஸ்க் பத்திரம்!

1956-ல் ஐ.பி.எம். கம்பெனி செய்த முதல் ஹார்டு டிஸ்கில் 50 பெரிய தட்டுகள் இருந்தன. அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள்தான். இன்றைய டிஸ்க் உள்ளங்கையில் அடங்கும். கடையின் பல வருஷக் கணக்கும், பிள்ளைகளின் சர்டிபிகேட்டும், கல்யாணப் படங்களும் அதற்குள்தான்.

ஆகவே புது டிஸ்கில் எல்லாம் வந்துவிட்டதா என்று திறந்து பார்க்கும்வரை, பழைய டிஸ்கை அழிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. இருண்ட திரையைச் சரிசெய்துவிடலாம். அழிந்த கணக்கு திரும்புவது கஷ்டம்!