காய்க்காத தோட்டத்தைக் கைவிடலாமா?

2022 ஜூனில், நாட்டின் உணவு நெருக்கடி வேளையில், வீட்டில் பயிரிடுவதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். அப்போது வெள்ளவத்தை மாடிகளிலும் கொட்டாஞ்சேனை முற்றங்களிலும் பூச்சாடி வைத்தவர்கள் எத்தனையோ பேர். இலை சுருண்ட கொச்சிக்காயும் வாடிய தக்காளியுமே சிலருக்கு மிச்சம்.

உழைப்பு வீணென்று வருந்தாதீர்கள், சகோதரிகளே! முஸ்லிம் நட்டதிலிருந்து பறவை தின்றாலும் அது ஸதகா என்பது புகாரி, முஸ்லிமில் பதிவான நபிமொழியின் கருத்து. காகம் கொத்திய தக்காளியும் அந்தக் கணக்கில்தான்.

ஆனால் சாடிகளை அப்படியே போட்டுவிடுவது ஆபத்து. டெங்கு நுளம்பு, தண்ணீர் தேங்கும் பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். அம்முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். சாடியின் அடித்தட்டையும் மறக்க வேண்டாம், பலர் மறப்பது அதைத்தான்.

இலை சுருண்ட செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்; அந்நோயை வெள்ளை ஈ அடுத்த செடிக்கும் கொண்டுபோகும். தக்காளி வாடிய மண்ணில் கத்தரியோ கொச்சிக்காயோ நடாதீர்கள், மூன்றும் ஒரே குடும்பம். அதில் பயற்றை போடலாம்.