காலையில் கலங்கரை விளக்கம், மாலையில் கடல் குளியல்... பைரன் பேயில் ஜோடியாக ஒரு நாள்!

நமக்கு மார்கழிக் குளிர்னா, ஆஸ்திரேலியாவில் அப்போ கொளுத்தும் கோடை. அந்த நேரம் நீங்களும் உங்கள் துணையும் அங்கே போனால், அவசரமே இல்லாத ஒரு நாளை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பைரன் பே ஊருக்கு ஒதுக்குங்க.

காலை: வெயில் ஏறும் முன்பே கேப் பைரன் நடைபாதையில் கிளம்பிடுங்க. மொத்தம் 3.7 கி.மீ. சுற்று. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி இங்கேதான் இருக்கு. உச்சியில் 1901-ல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம். கீழே கடலைக் கவனிச்சுக்கிட்டே இருங்க, டால்பின்கள் கண்ணில் படலாம்.

மதியம்: அங்கே புற ஊதாக் கதிர்களின் தாக்கம் ரொம்ப அதிகம். தொப்பி, சன் ஸ்கிரீன் கட்டாயம். உச்சி வெயிலை ஏதாவது ஒரு கஃபேயில் பேசியே கழிச்சிடுங்க.

மாலை: மெயின் பீச்சில் சிவப்பு - மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளிங்க. உயிர்காப்பாளர்களின் பார்வை அங்கேதான் இருக்கும். அலையே உடையாம அமைதியா தெரியுற இடத்தை நம்பாதீங்க. ஆளைக் கடலுக்குள் இழுக்கும் 'ரிப்' நீரோட்டம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சிக்கிட்டால் எதிர்த்து நீந்தி சக்தியை வீணாக்காதீங்க. பதறாம மிதந்தபடியே கையை உயர்த்தி உதவி கேளுங்க. துணை மாட்டிக்கிட்டால் நீங்களும் குதிக்காம, உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்க. கொடிகளை எடுத்துட்டாங்களா? கரையேறிடுங்க.

டிசம்பர், ஜனவரியில் 7.30 மணி தாண்டித்தான் அங்கே சூரியன் மறையும். ஆளுக்கொரு ஐஸ்க்ரீமோட மணலில் உட்கார இன்னும் நிறைய நேரம் இருக்கு!