பிக்மேலியன்: நாடகமும் திரைத் தழுவல்களும்

பிக்மேலியன் என்பது அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாட் ஷா (1856–1950) எழுதிய ஐந்து அங்க நகைச்சுவை நாடகம். 1913இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியிலும், 1914இல் லண்டனில் ஆங்கிலத்திலும் அரங்கேறியது. ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் இது திரைப்படமாகியுள்ளது.

கதை

எலைசா டூலிட்டில் லண்டன் தெருவில் பூ விற்பவள். ஒலியியல் பேராசிரியர் ஹென்றி ஹிக்கின்ஸ், ஒருவரின் பேச்சைக் கேட்டே அவர் ஊரைச் சொல்லிவிடுவார். கும்மிடிப்பூண்டி ரயிலில் பக்கத்தில் இருப்பவர் நான்கு வார்த்தை பேசியதும், ‘நீங்கள் ஆந்திர எல்லைப் பக்கமா?’ என்று நாம் கேட்பதில்லையா? அதையே அவர் தொழிலாகச் செய்கிறார். ஆறு மாதத்தில் எலைசாவை உயர்குடிப் பெண்ணைப் போலப் பேசவைப்பதாகப் பந்தயம் கட்டி வெல்கிறார். வென்ற பின் அவள் கேட்கும் கேள்விதான் நாடகத்தின் உயிர்: பூ விற்கவும் முடியாது, சீமாட்டியாக வாழப் பணமும் இல்லை, இனி என் கதி என்ன? ஹிக்கின்ஸிடம் பதில் இல்லை. அவள் வெளியேறுகிறாள்.

1938 திரைப்படம்

கேப்ரியல் பாஸ்கல் தயாரித்த படத்தை அந்தோனி ஆஸ்க்வித்தும் லெஸ்லி ஹோவர்டும் இயக்கினர். ஹோவர்டே ஹிக்கின்ஸாகவும், வெண்டி ஹில்லர் எலைசாவாகவும் நடித்தனர். திரைக்கதைக்காக ஷாவுக்கும் உடன் எழுதியோருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. 1925ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசை முன்பே பெற்றிருந்த ஷா, இரு பரிசுகளையும் பெற்ற முதல் மனிதரானார்.

ஆனால் முடிவு அவர் விரும்பியதல்ல. எலைசா ஹிக்கின்ஸை மணக்கமாட்டாள், பிரெடி என்ற இளைஞனை மணந்து பூக்கடை வைப்பாள் என்று ஷா 1916இலேயே பின்னுரை எழுதியிருந்தார். படமோ அவளை ஹிக்கின்ஸின் வீட்டுக்கே திரும்பவைத்தது. எட்டு ஆஸ்கர் விருதுகள் பெற்ற ‘மை ஃபேர் லேடி’ (1964) இசைப்படமும் அதையே பின்பற்றியது.

இந்தியத் தழுவல்கள்

பு. ல. தேஷ்பாண்டே 1975இல் ‘தீ ஃபுல்ராணி’ என்று மராத்தி மேடைக்குத் தந்தார். பக்தி பர்வே பூக்காரியாக நடித்துப் புகழ்பெற்றார். உத்தம் குமார் மொழியியலாளராக நடித்த வங்காளப் படம் ‘ஓகோ போது சுந்தரி’, 1980 ஜூலையில் அவர் இறந்தபின் 1981இல் வெளியானது.

பாசு சாட்டர்ஜி இயக்கிய இந்திப் படம் ‘மன் பசந்த்’ (1980). ரயிலில் பல் துலக்கும் வேப்பங்குச்சி விற்கும் கமலியாக டீனா முனிம், அவளைப் பயிற்றுவிப்பவராக தேவ் ஆனந்த், நண்பராக கிரிஷ் கர்னாட் நடித்தனர். இசை ராஜேஷ் ரோஷன். கமலியைப் பாடகியாக்குவதே இதில் முக்கியப் பந்தயம்.

மாற்றமும் இழப்பும்

பாட்டு இருந்தால் நம் திரைப்படத்துக்கு வசதி. ஆனால் பாட்டு ஒரு திறமை. வந்தால் கைதட்டுவார்கள், வராவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை. பேச்சு அப்படியல்ல. வட்டார வழக்கில் பேசினால் வகுப்பறையிலும் நேர்முகத் தேர்விலும் ஆளையே எடைபோட்டுவிடுவார்கள். ஷா சாடியது இந்த அநீதியைத்தான். அதனால் தழுவல்களைப் பார்க்கும் மாணவர்கள் மூல நாடகத்தையும் படிப்பது நல்லது. எலைசாவின் கேள்விக்குக் காதல்தான் விடையா என்பதை அவர்களே முடிவுசெய்யலாம்.